அழாத குழந்தையும் குருத்தணு வைத்தியமும்

பிறந்த குழந்தை அழவேண்டும். அது அழுதால்தான் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தில் சிரிப்பு வரும். 2021-ஆம் ஆண்டு ஐப்பசியில், அடைமழை பெய்த ஓர் இரவில், நம் தங்கையின் தலைமகன் பிறந்தான்; அழவில்லை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். உடல் நீலம் பாரித்து, துவண்ட துணிபோலக் கிடந்தானாம். எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ கழித்தே முனகினான் என்று அங்கிருந்த தாதி சொன்னாள். மறுநாள் விடியுமுன் வலிப்புக் கண்டது.

தங்கை வாழ்க்கைப்பட்ட இடம் வண்டிப்பெரியாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம். அங்கிருந்து மேற்கே போனால் குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம். கிழக்கே போனால் குமுளி மலைப்பாதை இறங்கிக் கம்பம், சின்னமனூர், தேனி. இரண்டும் வளைந்து வளைந்து செல்லும் மலைவழிகளே. இடுக்கி ஜில்லாவில் இன்றளவும் இருப்புப்பாதை கிடையாது. மூணாற்றில் வெள்ளைக்காரர் போட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் போனதுதான். பின் எவரும் போடவில்லை. (ரயில்வே ஊழியர் எழுதினால் இப்படி ஒரு வார்த்தை வந்துதான் தீரும், நேயர்கள் பொறுத்தருள்க.) சிசுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் அவர் தாயாரும் ஆம்புலன்ஸில் கிழக்கே இறங்கினர். நாம் பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூர், திண்டுக்கல் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் பயல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான்.

இருபத்தொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். ஒன்பதாம் மாதத்திலும் தலை நிற்கவில்லை. வலக்கை விரல்களை மடக்கியபடியே வைத்திருந்தான். மூளை முடக்குவாதம் என்று பெயர் சொன்னார்கள். அந்த மாதத்தில்தான் மாப்பிள்ளை கையில் ஒரு வண்ணப் பிரசுரம் வந்து சேர்ந்தது. நம் கட்டுரைக்கு விஷயம் அதுவே.

பெருநகர் ஒன்றிலுள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் பிரசுரம் அது. பெயர் வேண்டாம். 'குருத்தணு சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. நடக்காதிருந்த குழந்தை நடப்பதுபோல ஒரு படம். மூன்று ஊசி, ஊசிக்கு ஒரு லட்சம் ரூபாய். மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார்: "மச்சான், உங்க தங்கச்சியோட சங்கிலியும் என் பி.எஃப். பணமும் சேர்த்தா ரெண்டு லட்சம் வந்துடும். மிச்சத்துக்கு நீங்க சொஸைட்டியில ஒரு கடன் போட்டுக் கொடுங்க. புள்ளை நடந்தாப் போதும்."

கடன் போட நாம் தயங்கவில்லை. ஆயினும் பயணச்சீட்டு விற்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எந்த ஊர் வரை போகிறது என்று தெரியாமல் சீட்டுக் கிழிக்கமாட்டான். பத்து நாள் அவகாசம் கேட்டோம். கோயமுத்தூரில் அறிந்த குழந்தை வைத்தியர் ஒருவரிடமும், பாலக்காட்டில் ஓர் அரசாங்க வைத்தியரிடமும் போய் அமர்ந்து கேட்டோம். அதன்பின்னும் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வந்திருக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி. படிப்புக்கு எட்டிய அளவில் நாம் அறிந்ததை, அதே பிரசுரம் நாளை கொழிஞ்சாம்பாறையிலோ வாளையாற்றிலோ தேவிகுளத்திலோ மற்றொரு வீட்டுக் கதவைத் தட்டக்கூடும் என்பதால், இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில், அந்தச் சில நிமிஷங்களில் மூளைக்குள் நடப்பது என்ன? தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த இரத்தமும் பிராணவாயுவும் தடைப்பட்டதும் மூளையின் உயிரணுக்கள் எரிபொருளின்றித் திணறுகின்றன. சில உடனே மடிகின்றன. குழந்தைக்கு மூச்சு வந்ததும் மற்றவை தேறியதுபோலத் தோன்றும். இந்த இடைவேளை சுமார் ஆறு மணி நேரம். பிறகு இரண்டாம் அழிவு தொடங்குகிறது. வீக்கம், வலிப்பு, நச்சுப்பொருள்களின் பெருக்கம் என்று மூன்று நாள் வரை நடக்கும். தீ அணைந்தது என்று எண்ணித் திரும்பும்போது கூரையின் மறுபக்கம் பற்றிக்கொள்வதைப் போன்றது இது. உலகத்து வைத்தியர்கள் இதுகாறும் முயன்றதெல்லாம் இந்த இரண்டாம் தீயைத் தடுக்கவே.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வைத்தியம் முதல் நிமிஷத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையை உலர்ந்த துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டி, அப்போதும் மூச்சு விடாவிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றைச் செலுத்தவேண்டும். ரப்பர்ப் பந்துபோல அழுத்தினால் தானே விரியும் பை அது. விலை மிகுந்த கருவியன்று. இதைப் பிரசவம் பார்க்கும் தாதியருக்கும் வைத்தியருக்கும் கற்பிக்கவே மத்திய சர்க்கார் 2009-இல் 'நவஜாத சிசு சுரக்ஷா காரியக்கிரமம்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆகையால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது, அறை வசதியாக இருக்குமா என்று கேட்பதோடு, அழாத குழந்தைக்குக் காற்றுச் செலுத்தத் தெரிந்தவர் இரவிலும் இருப்பாரா என்றும் கேட்பது நம் உரிமை. நம் வீட்டில் அன்று அதைக் கேட்டவர் எவருமில்லை. நாமும் கேட்கவில்லை.

அடுத்தது குளிர்ச்சி வைத்தியம். குழந்தையின் உடல் வெப்பத்தை 33, 34 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பது. பிறந்த ஆறு மணிக்குள் தொடங்கவேண்டும். 2005-லும் 2009-லும் வெளிவந்த அமெரிக்க, ஆங்கிலேயப் பரீட்சைகள் இது பலனளிப்பதாகக் காட்டின. மேல்நாடுகளில் இதுவே வழக்கமான சிகிச்சையாயிற்று. நம் நாடுகளிலும் பலிக்குமா என்று அறிய 'ஹீலிக்ஸ்' என்ற பரீட்சை நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுதின் தய்யில் தலைமை தாங்கினார். இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளில் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகள். சென்னையும் அவற்றில் அடங்கும். குழந்தைகள் 408. முடிவு 2021-இல் வெளியாயிற்று. குளிர்வித்த குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர்; குளிர்விக்காதவர்களில் 31 பேர். சாவும் ஊனமும் சேர்ந்த கணக்கில் இரு திறத்தாரும் ஏறக்குறைய சமம்.

இதைப் படித்தபோது நாம் திகைத்துவிட்டோம். மேல்நாட்டில் உயிர் காத்த ஒன்று இங்கே ஏன் காக்கவில்லை? நம் பக்கத்துக் குழந்தைகளில் பலருக்கு மூளைக் காயம் பிரசவ வேளையில் திடீரென்று நேராமல், நீண்ட வேதனையின்போது சிறிது சிறிதாக முன்பே நேர்ந்திருக்கலாம். அப்படியானால் ஆறு மணிக் கணக்கே பொருந்தாது என்பது ஆராய்ச்சியாளர் கூறும் ஒரு காரணம். இதை எல்லா வைத்தியரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளவில்லை; குளிர்ச்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிகள் இந்தியாவில் உண்டு. நாம் இதைச் சொல்வது அந்த வழக்கைத் தீர்ப்பதற்கன்று. பல்லாயிரம் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகிய ஒரு சிகிச்சையே இடம் மாறினால் இப்படியாகுமென்றால், பத்து இருபது பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஒன்றை மூன்று லட்சத்துக்கு விற்பவரை எவ்வளவு நம்பலாம்?

இனிக் குருத்தணுவுக்கு வருவோம். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இதை ஸ்டெம் ஸெல் என்பார்கள். தென்னையின் குருத்திலிருந்து ஓலை, பாளை யாவும் தோன்றுவதுபோல, உடலில் வேறு பல அணுக்களாக மாறவல்ல தாய் அணுக்கள் இவை. எலும்பு மச்சையிலும், தொப்புள்கொடி இரத்தத்திலும், கொடியின் சதையிலும் கிடைக்கின்றன. செத்த மூளையணுவின் இடத்தில் இவை போய் உட்கார்ந்து புது மூளையாகிவிடும் என்றே பிரசுரங்கள் தோன்றச் செய்கின்றன. ஆராய்ச்சியாளர் அப்படிச் சொல்லவில்லை. செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை சில நாள்களில் மறைந்துவிடுகின்றன. அதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணித்து, எஞ்சிய அணுக்களுக்கு ஊட்டம் தரக்கூடும் என்பதே அவர்களது எண்ணம். குடியேற வந்த குடும்பமன்று, பேறுகாலத்துக்கு வந்து ஒத்தாசை செய்துவிட்டுப் போகும் பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

எலிகளில் இது நன்றாகவே பலித்தது. மனிதக் குழந்தைகளிடம்? அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் 23 குழந்தைகளுக்கு அவரவர் தொப்புள்கொடி இரத்த அணுக்களையே செலுத்தி, 2014-இல் முடிவை வெளியிட்டனர். தீங்கு இல்லை, நம்பிக்கை தருகிறது என்றனர். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீடு அதில் இல்லை. பின்னர் 160 குழந்தைகளைச் சேர்க்க எண்ணி முறையான பரீட்சை தொடங்கினர். 35 பேர் சேர்வதற்குள் நின்றுவிட்டது. பலன் இருப்பதாகக் காட்டமுடியவில்லை. காரணத்தை நாமே ஊகிக்கலாம். மூச்சுத் திணறிப் பிறக்கும் குழந்தையின் பிரசவத்தில் எல்லோரும் உயிர் காக்க ஓடுவார்களா, கொடியிலிருந்து இரத்தம் பிடிப்பார்களா?

நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரில் வேறு வழியில் முயன்றனர். பிறந்த சமயத்தில் மூளை இரத்தக்குழாய் அடைபட்ட பத்துக் குழந்தைகளுக்கு, பிறர் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த அணுக்களைப் பிறந்த ஏழு நாளுக்குள் மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. 2022-இல் வெளியான அறிக்கையின்படி ஒரு குழந்தைக்குச் சிறு காய்ச்சல் வந்து போனது தவிரத் தீங்கில்லை. இது நல்ல செய்தியே. ஆயினும் தீங்கில்லை என்பது வேறு, பலன் உண்டு என்பது வேறு. அந்த இரண்டாம் கேள்விக்குப் பத்துப் பேரைக் கொண்டு விடை காணமுடியாது.

நம் மருமகனைப்போல மாதங்கள் கடந்து, முடக்குவாதம் நிலைத்துவிட்ட குழந்தைகளின் கதை வேறு. அவர்களுக்கும் தொப்புள்கொடி இரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டியூக்கில் 63 குழந்தைகளிடம் நடந்த பரீட்சை 2017-இல் வெளிவந்தது. மொத்தத்தில் வித்தியாசமில்லை, அதிக அளவு அணுக்கள் பெற்றவர்களிடம் மட்டும் அசைவில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. பல நாட்டுப் பரீட்சைகளைச் சேர்த்து, ஐந்நூறுக்குச் சற்றுக் குறைந்த குழந்தைகளின் கணக்கை எடுத்து 2025-இல் ஒரு தொகுப்பு வந்தது. கை கால் அசைவில் ஓரளவு பலன் உண்டென்றும், அதுவும் சிறு வயதினருக்கும் முடக்கம் குறைந்தவர்களுக்குமே மிகுதி என்றும் அது கூறுகிறது. ஆகவே இந்த ஆராய்ச்சியை ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாகாது. ஒருநாள் இது பலிக்கலாம். நாமும் அந்த நாளை எதிர்பார்க்கிறோம். ஆனால் அந்தப் பலனும் குழந்தைக்குக் கொஞ்சம் கைகொடுப்பதுதான். படுத்த பிள்ளை எழுந்து ஓடுவதன்று. மேலும், பரீட்சையில் கொடுத்த அணுவும் பிரசுரக்காரர் கொடுக்கும் அணுவும் ஒன்றுதானா என்று யாரால் சொல்லமுடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டறிந்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த சம்பந்தமான குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டுமே குருத்தணுச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது. மற்ற எந்த நோய்க்கும் முறையாகப் பதிவு செய்த பரீட்சையில்தான் கொடுக்கலாம். பரீட்சைக்கு வருபவரிடம் அதற்காகப் பணம் வாங்கலாகாது. பதிவு செய்த ஒவ்வொரு பரீட்சைக்கும் இந்தியப் பரீட்சைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. நாம் அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, எண் என்ன என்று கேட்டோம். எதிர்ப்புறத்தில் ஒரு பெண் மிக மரியாதையாகவே, "இது ரிசர்ச் இல்லை சார், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்றாள். எங்கே நிரூபித்தார்கள் என்றதற்கு, நேரில் வந்தால் டாக்டர் விளக்குவார் என்றாள். மறுவாரமே, இம்மாதத்துக்குள் கட்டினால் நாற்பதினாயிரம் தள்ளுபடி என்று மாப்பிள்ளைக்குச் செய்தி வந்தது. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நாம் அறிந்ததே. மூளைக்கும் தள்ளுபடி உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

இதே இடத்தில் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு நிலையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளுக்கு இவற்றின் முகவர்கள் வருகிறார்கள். குழந்தைக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் போல என்று பேசுகிறார்கள். அப்படிச் சொல்வது தகாதென்று இந்தியக் குழந்தை வைத்தியர் சங்கம் 2018-இல் தெளிவாகவே கூறிவிட்டது. கொடியை உடனே அறுக்காமல் சிறிது பொறுத்து அறுத்தால் அதே இரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும். அதற்குத் தவணை கட்டவேண்டியதில்லை.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல நாம் நேரில் போனோம். லயத்துத் திண்ணையில் இரவு வெகுநேரம் பேச்சு நடந்தது. அவர் கோபப்பட்டார். "உங்க புள்ளையா இருந்தா இப்படிக் கணக்குப் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. தங்கைதான் உள்ளிருந்து வந்து, "அண்ணே, ஊசி வேண்டாம்னு சொல்றீங்க, சரி. அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள்.

வைத்தியர்கள் சொன்னதைச் சொன்னோம். முன்னெல்லாம் முடக்குவாதம் என்று தீர்மானிக்க ஒன்றரை, இரண்டு வயது வரை காத்திருப்பார்கள். இப்போது தேர்ந்த கண் ஆறு மாதத்துக்கு முன்பே இனங்கண்டுவிடும். இனங்கண்டவுடன் பயிற்சி தொடங்கவேண்டும். சிசுவின் மூளை பச்சைக்களிமண் போன்றது. காயம்படாத பகுதி காயம்பட்டதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும், திரும்பத் திரும்பச் செய்வித்தால். திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் முதலியோர் வகுத்த ஓர் அட்டவணை உண்டு. இரண்டு வயது வரை குழந்தை எந்தெந்த மாதத்தில் எதைச் செய்யவேண்டும் என்று பதினேழே வரிகளில் காட்டும் அது, அங்கன்வாடியிலும் பயன்படுத்தத் தக்கது. 2013-இல் தொடங்கிய மத்திய சர்க்காரின் குழந்தை நலத் திட்டத்தின்படி ஜில்லாக்களில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் அமைந்துள்ளன; அங்கே கட்டணம் இல்லை. சங்கிலி கழுத்திலேயே இருந்தது. பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி பஸ் கட்டணத்துக்குப் போயிற்று.

பயிற்சி என்றால் மந்திரமன்று. பழைய புடைவைகளைச் சுருட்டி மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் போட்டுத் தலை தூக்கச் செய்வது. அண்டாவுக்குள் துணியை அடைத்து அதில் உட்காரவைப்பது. மடங்கிய விரல்களைப் பிரித்து ஒரு கரண்டியைப் பிடிக்க வைப்பது. நாள் முழுதும் தூளியிலேயே போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். இது அத்தைமாருக்குப் பிடிக்கவில்லை. தங்கை கொழுந்து பறித்து வந்து, அந்திக்கு மேல் ஒரு மணி நேரம் இதைச் செய்தாள். பகலில் மாப்பிள்ளையின் தாயார் செய்தார். ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று அவர்கள் எண்ணியதும் உண்டு. பதினேழாம் மாதத்தில் தலை நின்றது.

நம் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு மற்றொரு தொல்லை உண்டு. ரேஷன் கார்டு உத்தமபாளையம் தாலுகாவில், ஆதார் கேரளத்தில். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் போ என்பார்கள். இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு நாம் நடந்த நடையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். ஆகையால் குடும்பத்தின் முகவரிச் சான்றுகளை முதலிலேயே ஒரே மாநிலத்தில் ஒன்றாக்கிக் கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தை ஊனங்களின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தேசிய டிரஸ்ட் நடத்தும் 'நிராமயா' என்ற மருத்துவ இன்ஷூரன்ஸில் ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு திரும்பப் பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

ரயில் கட்டணம் பற்றி நாமே சொல்லத் தகுதியுடையோம். துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத ஊனமுற்றவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணத்தில் நூற்றுக்கு 75 தள்ளுபடி உண்டு. 2020-இல் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிற்கவில்லை. அரசாங்க வைத்தியரின் சான்றிதழில் 'துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாதவர்' என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தோளில் பிள்ளையோடு நம் சாளரத்தின்முன் நின்ற தாய்மாரைத் திருப்பியனுப்ப நேர்ந்திருக்கிறது. தேனிக்கு 2022-இலும் போடிநாயக்கனூருக்கு 2023-இலும் அகலப்பாதை வண்டி வந்தபின் இடுக்கி மக்களுக்குச் சற்று ஆறுதல்.

மருமகன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்; நாலு அடி வைப்பான்; ஐந்தாவதில் விழுவான். பேச்சு தெளிவில்லை, ஆனால் அவன் பாட்டிக்கு எல்லாம் விளங்குகிறது. சென்ற மாதம் மாப்பிள்ளை மற்றொரு பிரசுரத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார்; வேறு ஊர், வேறு நிலையம். ஓரத்தில் பென்சிலால், 'பதிவு எண் கேட்டேன், கொடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் பயலின் வலது பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து வைத்திருந்தார். கணுக்கால் பட்டை சிறிதாகிவிட்டதாம். சம்பளம் வந்ததும் கோயமுத்தூரில் புது அளவு கொடுக்கவேண்டும்.